கடலுக்குள் வெப்பம் எப்படி இறங்குகிறது?

வெப்பம் இடம்மாறும் வழிகளாகக் கடத்தல், மேற்காவுகை, கதிர்ப்பு என்ற மூன்றையும் பௌதிகவியலில் படித்திருக்கிறோம். அவற்றைத் திருக்கோவில் கடலில் வைத்து விளக்க விரும்புகிறேன்.

அடுப்பிலுள்ள கேத்தல் கீழிருந்து சூடாகிறது. சூடான நீர் இலேசாகி மேலெழ, குளிர்ந்த நீர் கீழிறங்கும். கடலையோ வெயில் மேலிருந்து சூடாக்குகிறது. இலேசான சூட்டுநீர் மேலேயே தங்கிவிடுகிறது. ஆகவே மேல்நீர் 28 பாகை செல்சியஸ் அளவில் இருக்க, கிழக்கே வங்காள விரிகுடாவில் 2000 மீற்றர் ஆழத்தில் 3 பாகை அளவே இருக்கிறது.

அசையாத நீரில் கடத்தலால் மட்டும் 100 மீற்றர் தூரத்துக்கு வெப்பம் பரவ 2000 ஆண்டுகளுக்கு மேல் செல்லும். உண்மையில் வெப்பத்தைக் கலப்பது கொந்தளிப்புத்தான். காற்று மேல்நீரில் சுழிகளை எழுப்புகிறது. இரவில் மேல்நீர் குளிர்ந்து கனத்து இறங்குகிறது. இதுவே கடலின் மேற்காவுகை. ஆழத்தில் வற்றுப்பெருக்கு ஓட்டம் கடலடி மேடுகளில் மோத, நீருக்குள்ளேயே அலைகள் எழுந்து உடைகின்றன. ஆழ்கடலுக்கு, மூலக்கூற்றுக் கடத்தலைவிடப் பல நூறு மடங்கு கலத்தல் தேவை என்று 1966இல் வால்டர் மங்க் கணித்தார்.

நமது விரிகுடாவில் இக்கலத்தலுக்கு ஒரு தடையுண்டு. கங்கை, பிரமபுத்திரா, ஐராவதி ஆறுகளின் நன்னீர் உப்புநீரின்மேல் மூடிபோல் பரவுகிறது. வாடைக் காலத்தில் அந்த உவர் குறைந்த நீர் நமது கரையோரமாகவும் தெற்கே வருகிறது.

இதனால் நமக்கென்ன? சூறாவளிக்கு வலுவூட்டுவது கடலின் வெப்பம். வழக்கமாகச் சூறாவளியே கடலைக் கலக்கிக் குளிர்நீரை மேலே கொண்டுவந்து தன் வலுவைக் குறைத்துக்கொள்ளும். நன்னீர் மூடி தடித்திருந்தால் அந்தக் குளிர்ச்சி குறையும். 1978 நவம்பர் 23ஆம் திகதி கிழக்கைத் தாக்கிய சூறாவளியைப் பற்றி வீட்டில் மூத்தம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். எனவே கலத்தலை அளப்பது நமது பாதுகாப்போடு தொடர்புடையது. 2013இல் தொடங்கிய ஆசிரி ஆய்வுத்திட்டம் இவ்விரிகுடாவில் அதை அளந்தது. நமது நாரா நிறுவனமும், பேராசிரியர் ஹரிந்திர பெர்னாண்டோவும் அதில் பங்குகொண்டனர்.

தோழியரே, ஒரு கண்ணாடிக் குவளையில் சாயமிட்ட குளிர்ந்த உப்புநீரை ஊற்றுங்கள். அதன்மேல் கரண்டி வழியாக இளஞ்சூடான நன்னீரை மெல்ல விடுங்கள். பின்பு மேலே ஊதுங்கள். சாயம் அடியிலேயே நிற்கும். கரண்டியால் கலக்கினால்தான் மேலே வரும். அவ்வளவு சக்தியைக் கடலில் எது கொடுக்கிறது என்பதே ஆய்வாளர்களின் கேள்வி.