மேஜை ரம்பத்தின் கோளாறுகளும் அவற்றின் பரிகாரமும்

பட்டறைகளிலும் தொழிற்பள்ளிகளிலும் பலகையை நேராக அறுக்க உதவும் மேஜை ரம்பம் சரிவர அறுக்காதபோது, உடனே தகட்டைச் சாணைக்கு அனுப்புவது வழக்கம். ஆனால் ஒரே அறிகுறி பல காரணங்களால் தோன்றக்கூடும். காரணம் அறியாது செய்யும் பரிகாரம் வீணாவதோடு, சில வேளைகளில் விரல்களுக்கே கேடாக முடியும். 254 மில்லிமீட்டர் விட்டமுள்ள தகடு நிமிடத்துக்கு 3,000 முறை சுழலும்போது, அதன் பற்கள் வினாடிக்குச் சுமார் 40 மீட்டர், அதாவது மணிக்கு 144 கிலோமீட்டர் வேகத்தில் செல்கின்றன. ஆகவே எச்சோதனைக்கும் முன்னர் மின்னிணைப்பைக் கழற்றிவிடுதல் வேண்டும். சுவிட்சை நிறுத்துவது மட்டும் போதாது.

1. வெட்டு முகம் கருகுதல்

வெட்டின் இரு முகங்களும் கருகினால், பற்கள் மழுங்கியிருக்கும். அல்லது அவற்றில் பிசின் படிந்திருக்கும். அல்லது பலகை மிக மெதுவாகத் தள்ளப்பட்டிருக்கும். தேக்கிலுள்ள சிலிக்கா பற்களை விரைவில் மழுங்கச் செய்யும். முதலில் பிசினைக் கழுவி நீக்குக. அதன் பின்னரும் கருகினால் சாணை பிடிக்கலாம்.

ஒரு முகம் மட்டும் கருகினால், தகடும் வழிகாட்டிப் பட்டையும் இணையாக இல்லை எனக் கருதலாம். தகட்டின் ஒரு பல்லில் அடையாளமிட்டு, மேஜையின் காடியிலிருந்து அதன் தூரத்தை முன்புறத்தில் அளக்க வேண்டும். பின்னர் அதே பல்லைப் பின்புறம் சுழற்றி மீண்டும் அளக்க வேண்டும். ஒரே பல்லைக் கொண்டு அளப்பதால் தகட்டின் நெளிவு கணக்கைக் குழப்பாது. வேறுபாடு 0.1 மில்லிமீட்டருக்கு மேற்பட்டால், மேஜையையோ அச்சுத்தாங்கியையோ பிணைக்கும் போல்ட்டுகளைச் சற்றே நெகிழ்த்தித் திருத்துக. அதன் பின்னரே பட்டையைக் காடிக்கு இணையாக அமைத்தல் முறை. பட்டை பின்புறத்தில் தகட்டை நோக்கி ஒருபோதும் குறுகலாகாது. குறுகினால் பலகை நெருக்குண்டு, தள்ளுபவரை நோக்கி எகிறும்.

2. வெட்டு செங்கோணமாக அமையாமை

ஒரு பலகையைக் குறுக்கே அறுத்து, ஒரு துண்டைப் புரட்டி இரு வெட்டு முகங்களையும் ஒட்டி வைத்துப் பார்க்க வேண்டும். தோன்றும் இடைவெளி பிழையின் இரு மடங்காகும். தகட்டின் சாய்வை மூலைமட்டத்தால் சரிபார்க்கையில், மட்டம் பற்களைத் தொடாது தகட்டின் உடலைத் தொடுமாறு வைத்தல் வேண்டும்.

3. அதிர்வும் திணறலும்

அச்சிலுள்ள திருகுமரை தளர்ந்திருத்தல், தகட்டை இறுக்கும் வில்லைகளின் இடையே மரத்தூள் சிக்கியிருத்தல், வார்ப்பட்டை தேய்ந்திருத்தல் ஆகியவற்றால் அதிர்வு உண்டாகும். நீண்ட, மெல்லிய மின்கம்பியால் அழுத்தம் குறைந்தாலும், பல் மிகுந்த தகட்டால் நீளவாக்கில் அறுத்தாலும் மோட்டார் திணறும். நீள அறுப்புக்குச் சுமார் 24 பற்களும் குறுக்கறுப்புக்கு 60 முதல் 80 பற்களும் ஏற்றவை. உயர்த்தும் திருகில் எண்ணெயிடலாகாது. அதில் தூள் ஒட்டும். மெழுகே தகுந்தது.

4. யந்திரம் சீராயிருந்தும் தகடு சிக்குதல்

இக்கோளாறு பெரும்பாலும் மரத்தினுடையது. கொல்கத்தாவில் வானிலைத் துறையின் மண்டல மையம் அமைந்துள்ள அலிப்பூரை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். அங்கு மழைக்காலக் காற்றின் சராசரி ஒப்பு ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேற்படும்; வறண்ட மாதங்களின் பிற்பகல்களில் வெகுவாகக் குறையும். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதமாயின் மரம் சுமார் 11 சதவீத ஈரத்திலும், 80 சதவீதமாயின் சுமார் 16 சதவீத ஈரத்திலும் நிலைபெறும். சீராக உலராத பலகையில் உள்ளிறுக்கம் தங்கும். அறுக்கும்போது அது விடுபட, வெட்டுத்தடம் மூடித் தகட்டைக் கவ்வும்.

இதை அறிய எளிய வழி ஒன்றுண்டு. நன்கு உலர்ந்த, நேரான பலகையொன்றைச் சோதனைக்கென எப்போதும் வைத்திருக்க வேண்டும். அது தடையின்றி அறுபட்டால் குறை மரத்தில். அதுவும் சிக்கினால் குறை யந்திரத்தில். மரம் கவ்வும்போது பலகையை இழுக்கலாகாது. யந்திரத்தை நிறுத்தித் தகடு முற்றிலும் நின்றபின் தடத்தில் மர ஆப்பு செருகுக.

தகட்டின் பின்னுள்ள பிளவுக்கத்தி இத்தடம் மூடாமற் காக்கின்றது. அது தகட்டின் உடலைவிடத் தடித்தும் வெட்டுத்தடத்தைவிட மெலிந்தும் இருத்தல் வேண்டும். வேலைக்கு இடையூறென்று அதனைக் கழற்றி வைக்கும் பழக்கத்தை ஆசிரியர்கள் அனுமதிக்கலாகாது. அதுவும், தள்ளுகோலும், தகட்டுக் கவசமும் தத்தம் இடத்தில் உள்ளனவா எனப் பார்த்த பின்னரே மாணவரை ரம்பத்தின் முன் நிறுத்துக.