ஓட்டுப் பள்ளிக்கூடத்தைப் பிரிக்கும் முன்

பழைய ஓட்டுப் பள்ளிக்கூடங்களைச் செப்பனிட்டு விரிவாக்கும் வேலை என்னுடையது. போகிற ஊரிலெல்லாம் முதலில் காதில் விழுவது, "மரமெல்லாம் உளுத்துப்போச்சு சார், பிரிச்சுப் போட்டுட்டுக் கான்கிரீட் போட்டுடலாம்" என்பதுதான். நல்ல தேக்கு வயதானதால் கெடாது. ஈரம் தங்கினால்தான் கெடும். ஈரம் வரும் வழியை அடைத்தால் பெரும்பாலான மரத்தைக் காப்பாற்றிவிடலாம்.

முனையைப் பாருங்கள். உத்திரத்தில் முதலில் மக்குவது சுவருக்குள் புதைந்த முனை. சுத்தியலால் தட்டினால் நல்ல மரம் கணீரென்னும், மக்கியது பொத்தென்னும். ஸ்க்ரூடிரைவர் இறங்குகிற பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, அதே ஜாதி மரத்தை ஒட்டுப்போட்டு, துருப்பிடிக்காத போல்ட்டால் முடுக்குங்கள். மறுபடி சுவரில் வைக்கும்போது முனையைச் சிமென்ட் பூசி அடைக்காதீர்கள். சுற்றிலும் விரல் நுழையும் அளவுக்குக் காற்றோட்டம் வேண்டும்.

மருந்து. போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசல் கரையானுக்கும் வண்டுக்கும் நல்லது. மழைபட்டால் கரைந்துவிடும் என்பதால் நனையாத உள்மரத்துக்கு மட்டும் அடியுங்கள்.

பழைய மரத்தை வாங்குங்கள். காரைக்குடிப் பக்கம் பிரிக்கும் வீடுகளின் பர்மா தேக்கு கிடைத்தால், புதிதாக ஒரு மரம்கூட வெட்ட வேண்டாம். இழைக்கும் முன் காந்தத்தை ஓட்டி, உள்ளே ஒடிந்து நிற்கும் ஆணிகளைப் பிடுங்கிவிடுங்கள். ஒன்று தப்பினாலும் ரம்பத்தின் பல் போய்விடும். புதுமரம்தான் என்றால் வைரம் பாய்ந்த கட்டையாக, ஈரம் 12 சதவீதத்தை ஒட்டி இருக்கும்படி வாங்குங்கள்.

புது வகுப்பறையைப் பழைய சுவரோடு பிணைக்காதீர்கள். பழையது அமர்ந்து முடிந்துவிட்டது, புதியது இனிமேல்தான் அமரும். தனி அஸ்திவாரம் போட்டு, நடுவே இடைவெளி விட்டு, மேலே தகட்டால் மூடுங்கள்.

நெருப்பு. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளித் தீவிபத்தில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த நாடு இது. பெற்றோர் பயப்படுவது நியாயம். அங்கே எரிந்தது கீற்றுக்கூரை. கனத்த உத்திரம் அப்படிப் பற்றாது. மேற்புறம் கரியாகி, அந்தக் கரியே சூட்டைத் தடுக்கும். நிமிடத்துக்கு முக்கால் மில்லிமீட்டருக்குள்தான் கரியும். மெல்லிய ரீப்பருக்கும் பலகைக்கும் இந்தத் தெம்பு கிடையாது. அதனால் வயரிங் முழுவதும் குழாய்க்குள் போகட்டும். ஒவ்வொரு வகுப்புக்கும் இரண்டு வாசல் கட்டாயம்.

செலவுத் திட்டம் போடும்போது ஆண்டுதோறும் புரட்டாசியில் ஓடு மாற்றும் கூலியையும் சேர்த்தே எழுதுங்கள். ஐப்பசி மழையில் ஒரு ஓடு ஒழுகினாலும் ஈரம் சுவருக்குள் இருக்கும் உத்திர முனைக்குத்தான் போய்ச் சேரும்.