ஐந்து நாள் பேச்சு, ஐந்து ஆண்டு விலை

கேள்வி: தொங்கு நாடாளுமன்றம் அமைந்தால், ஆதரவு தரும் சிறிய கட்சி முதலில் எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

பதில்: மக்களிடம் கொடுத்த வாக்கைக் காப்பாற்றும் உரிமையை. 2010 மே தேர்தலில் பிரிட்டனின் கன்சர்வேடிவ் கட்சிக்குக் கிடைத்தவை 306 இடங்கள். பெரும்பான்மைக்கு 326 வேண்டும். 57 இடங்கள் வைத்திருந்த லிபரல் டெமாக்ரட்டுகளோடு ஐந்தே நாளில் உடன்பாடு முடிந்தது. அவர்களின் தலைவர் நிக் கிளெக் துணைப் பிரதமரானார். ஆனால், பல்கலைக்கழகக் கட்டண உயர்வை எதிர்ப்போம் என்று மாணவர்களுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கட்சி அது. ஒப்பந்தத்தில் அதற்குக் கிடைத்ததோ, வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொள்ளலாம் என்ற சலுகை மட்டும். கட்டண உச்சவரம்பை 9,000 பவுண்டாக்கும் தீர்மானம் டிசம்பரிலேயே வந்தது. கிளெக் ஆதரித்தே வாக்களித்தார். 2015-ல் கட்சிக்கு மிஞ்சியவை 8 இடங்கள். எந்த ஒன்றை விட்டுக்கொடுக்கவே கூடாது என்பதை முடிவுசெய்த பிறகே பேச்சுக்கு உட்கார வேண்டும். இலாகாக்களைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.