உறங்காத காவல்

இன்றைய உலகம் கணிப்பொறி உலகம். வங்கிக் கணக்கும், இரயில் முன்பதிவும், மருத்துவமனைப் பதிவேடும் ‘சர்வர்’ எனப்படும் பெரிய கணிப்பொறிகளில்தான் இருக்கின்றன. இவை பெரும்பாலும் திரையோ விசைப்பலகையோ இன்றி, பூட்டிய அறையில் அடுக்கி வைக்கப்பட்டு இரவும் பகலும் உழைக்கின்றன. நள்ளிரவில் அவற்றுள் ஒன்று செயலற்று நின்றுவிட்டால், பல மைல் தொலைவில் இருக்கும் பொறியாளர் என்ன செய்வார்? அதை இங்கே காண்போம்.

பெட்டிக்குள் இருவர்

வெளியிலிருந்து பார்த்தால் சர்வர் ஒரே பெட்டி. உள்ளே இருப்பவையோ இரண்டு கணிப்பொறிகள்! ஒன்று நமக்காக உழைக்கும் பெரியது. மற்றொன்று அதைக் கண்காணிக்கும் சிறியது. சிறியதற்குத் தனி நினைவகமும் தனி மென்பொருளும் உண்டு. பல சர்வர்களில் இதற்கென்றே பின்புறத்தில் தனி இணைப்புத் துளையும் இருக்கும். அதுவே ‘சர்வீஸ் போர்ட்’.

பெரிய கணிப்பொறி அணைந்துவிட்டாலும், மின்கம்பி செருகப்பட்டு மின்சாரம் வரும்வரை சிறியதற்குச் சிறிதளவு மின்சாரம் கிடைத்துக்கொண்டே இருக்கும். மணமகனின் வருகைக்காக எண்ணெயைச் சேமித்து வைத்திருந்த ஐந்து விவேகமுள்ள கன்னியரை இது நமக்கு நினைவூட்டுகிறது அன்றோ!

வளர்ந்த வரலாறு

பழைய இயந்திரங்களில் 1960-ல் வகுக்கப்பட்ட ஆர்.எஸ்.-232 முறையிலான ‘சீரியல் போர்ட்’ இருந்தது. அதன் வழியே எழுத்துக்களை அனுப்பலாம், பெறலாம், படங்கள் வாரா. 1998-ல் இன்டெல், டெல், ஹியூலெட் பக்கார்ட், என்.இ.சி. ஆகிய நான்கு நிறுவனங்கள் கூடி ‘ஐ.பி.எம்.ஐ.’ என்ற பொது விதிமுறையை வெளியிட்டன. 2004-ல் வந்த அதன் இரண்டாம் பதிப்பு, சீரியல் போர்ட்டின் எழுத்துக்களைக் கணிப்பொறி வலை வழியாகவே தொலைவிடத்திற்கு அனுப்ப வழிவகுத்தது.

செய்யும் பணிகள்

பொறியாளர் முதலில் கடவுச்சொல் கொடுத்துச் சிறிய கணிப்பொறிக்குள் நுழைகிறார். வெப்பம் எவ்வளவு, விசிறிகள் சுழல்கின்றனவா, மின்னழுத்தம் சரியா என்று பார்க்கிறார். பிறகு நிகழ்ச்சிப் பதிவேட்டைப் படித்துக் காரணத்தை ஊகிக்கிறார். தேவையானால் பெரியதை அணைத்து மீண்டும் இயக்குகிறார். அது விழித்தெழும்போது காட்டும் எழுத்துக்களைத் தம் வீட்டுத் திரையிலேயே வாசிக்கிறார். விசிறி பழுதாகியிருந்தால் மட்டும் ஒருவர் நேரில் சென்றுதான் மாற்றவேண்டும்.

முதுமையின் தொல்லைகள்

பழைய சர்வர்கள் பலவற்றின் சர்வீஸ் திரை, ‘ஜாவா’ மென்பொருளை நம்பியிருந்தது. இன்றைய உலாவிகள் அதை ஏற்பதில்லை. பழைய மறையாக்க முறைகளையும் மறுக்கின்றன. அத்தகைய வேளையில் வெறும் எழுத்துக்களை அனுப்பும் பழைய சீரியல் போர்ட்டே கைகொடுக்கிறது. எளிமைக்கு உள்ள பெருமை இது!

திறவுகோல் யாரிடம்?

தொலைவிலிருந்து பொறியாளரால் சர்வரை அணைக்க முடியுமானால், திருடனாலும் முடியும். 2017-ல் ஹியூலெட் பக்கார்ட் சர்வர்களின் ‘ஐலோ 4’ என்ற சர்வீஸ் அமைப்பில் ஒரு குறை கண்டறியப்பட்டது. ஆங்கில ‘ஏ’ எழுத்தை 29 முறை தொடர்ந்து அனுப்பினால், கடவுச்சொல் இன்றியே உள்ளே நுழைந்துவிடலாம்! நிறுவனம் அவ்வாண்டே திருத்தத்தை வெளியிட்டது. ஆனால் அதைத் தம் சர்வரில் ஏற்றாதவருக்கு அத்திருத்தத்தால் பயன் என்ன? மேலும், மிகப் பழைய இயந்திரங்களுக்கு இத்தகைய திருத்தங்கள் வருவதே நின்றுவிடுகிறது.

ஆகவே மூன்று விதிகளை மனத்தில் கொள்வோம். சர்வீஸ் போர்ட்டைப் பொது இணையத்தில் திறந்து வைக்கலாகாது. அதற்குத் தனி வலை வேண்டும். தொழிற்சாலை வைத்த கடவுச்சொல்லை முதல் நாளிலேயே மாற்றவேண்டும். வரும் திருத்தங்களைக் காலம் தாழ்த்தாமல் ஏற்றவேண்டும்.

தோழியரே, நாளை நம்மில் சிலர் இத்தகைய இயந்திரங்களைக் காக்கும் பொறுப்பை ஏற்கக்கூடும். ஒரு மருத்துவமனையின் பதிவேடு நம் கையிலுள்ள திறவுகோலை நம்பியிருக்கலாம். விளக்கு அணையாமல் இருந்தால் மட்டும் போதாது, கதவும் பூட்டியிருக்கவேண்டும். இரண்டையும் கருத்துடன் காப்பதே உண்மையான காவல்.