ஒகேனக்கல்லில் ஸ்கூபா?

கேள்வி: புதுச்சேரியில் ஸ்கூபா டைவிங் கற்றேன். சொந்தமாக உபகரணங்கள் வாங்கி, மார்கழியில் ஒகேனக்கல்லில் இறங்கலாமா? குளிர் தாங்குமா?
– வாசகர், பென்னாகரம்.

பதில்: ஒகேனக்கல்லில் வேண்டவே வேண்டாம். குளிரை விடுங்கள், நீரோட்டம்தான் ஆபத்து. பாறை இடுக்குகளில் சுழித்தோடும் காவிரி, சிலிண்டர் மாட்டியவரையும் பாறைக்கடியில் செருகிவிடும். முதலைகளும் வாழும் ஆறு அது. கரைக்காடுகளில் ஒரு பகுதி 2022-ல் காவிரி தெற்கு காட்டுயிர் சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டுவிட்டது. கடலுக்கே போங்கள்.

வாங்குவதென்றால் முதலில் மாஸ்க். வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக மூச்சை இழுங்கள். கையை எடுத்த பிறகும் விழாமல் ஒட்டி நின்றால் அது உங்கள் முகத்துக்கானது. விலையும் நிறமும் அப்புறம். அடுத்து, காலுக்குக் கச்சிதமான துடுப்பு. ரெகுலேட்டரை இப்போதைக்கு வாடகைக்கே எடுங்கள். தவறாமல் சர்வீஸ் செய்ய வேண்டிய உயிர்க்கருவி அது.

குளிருக்கு வருவோம். தண்ணீர் உடல் சூட்டைக் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகக் கடத்தும். அதனால் 26 டிகிரி கடலிலும் நேரம் போகப் போக நடுக்கம் எடுக்கும். நம் கடலுக்கு 3 மி.மீ. வெட்சூட் பெரும்பாலும் போதும். அதன் ரப்பரில் அடைபட்ட நுண்குமிழிகளே சூட்டைக் காக்கின்றன. இடுப்பிலோ கழுத்திலோ தொளதொளவென்றிருந்தால் ஒவ்வோர் அசைவிலும் புதுத் தண்ணீர் புகுந்து சூட்டை வாரிக்கொண்டு போய்விடும். போட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

பின்னொரு நாள் பயிற்சியாளரோடு நன்னீரில் இறங்க நேர்ந்தால், கடலில் கட்டிய ஈயக்கட்டிகளை அப்படியே கட்டாதீர்கள். நன்னீரில் மிதப்பு குறைவு. 80 கிலோ எடையுள்ளவர் ஏறத்தாழ இரண்டு கிலோ குறைக்க வேண்டியிருக்கும்.