கைப்பிடி தேடாமல் எழுந்திருக்க: அறுபதைத் தாண்டிய பெண்களுக்கு ஒரு பயிற்சி வழிகாட்டி

“வீட்டு வேலையே முதுகை ஒடிக்குது, இதுல எக்சர்சைஸ் வேறயா?” அறுபதைத் தாண்டிய பெண்களிடம் உடற்பயிற்சி என்று பேச்செடுத்தால் பெரும்பாலும் இப்படித்தான் பதில் வரும். களைப்பு உண்மைதான். ஆனால் களைத்துப்போவது வேறு, பலம் கூடுவது வேறு. அடுப்படியில் மணிக்கணக்காக நின்றால் கால் வலிக்கும். தொடைத் தசை வலுப்படாது. அம்மியும் ஆட்டுக்கல்லும் ஓரங்கட்டப்பட்டு மிக்ஸியும் கிரைண்டரும் வந்தபின், தரையில் உட்கார்ந்து எழும் வேலையும் குறைந்துவிட்டது.

மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறைகிறது. வயதோடு தசையும் கரைகிறது. பாத்ரூமுக்குத் தனியாகப் போய்வருவது, பஸ் படி ஏறுவது, துணைக்கு ஆள் தேடாமல் கோயிலுக்குக் கிளம்புவது எல்லாம் கால் பலத்தையும் தடுமாறாமல் நிற்பதையும் நம்பியே இருக்கின்றன. எனவே நடைப்பயிற்சியோடு இந்த இரண்டையும் சேர்க்க வேண்டும்.

1. முதலில் உங்கள் நிலையைப் பாருங்கள்

இதய நோய், கட்டுப்படாத பிரஷர், அடிக்கடி தலைசுற்றல், அண்மையில் அறுவை சிகிச்சை அல்லது எலும்பு முறிவு இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். மற்றவர்கள் ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு உட்காருங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 வினாடிகளில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். பெண்களுக்கு 60 முதல் 64 வயதில் 12, 65 முதல் 69 வயதில் 11, எழுபதுகளில் 10. இதற்குக் குறைந்தால் கால் பலம் சராசரிக்குக் கீழே, விழும் வாய்ப்பு கூடுதல் என்று பொருள். வந்த எண்ணைத் தினசரிக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

2. உட்கார்ந்து எழும் பயிற்சி

அதே நாற்காலிதான். இருக்கையின் முன்பக்கத்துக்கு நகர்ந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் வையுங்கள். உடலை முன்னே சாய்த்து, மூச்சை விட்டபடி எழுங்கள். உட்காரும்போது ‘தொப்’ என்று விழாமல், மனத்துக்குள் மூன்று எண்ணியபடி மெல்ல இறங்குங்கள். இறங்கும்போதும் தொடைத் தசை வேலை செய்கிறது. 5 முறையில் தொடங்கி 10 முறை வரை கூட்டலாம். முழங்கால் வலித்தால் நாற்காலியில் கெட்டியான தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். தேவையானால் கையை ஊன்றிக்கொள்ளுங்கள்.

3. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு

பால் பொங்கும் வரை காத்திருக்கும் நேரத்தில் இதைச் செய்ய வேண்டாம்; கவனம் சிதறும். அடுப்பை அணைத்தபின் மேடையைப் பிடித்து நின்று, இரண்டு குதிகால்களையும் உயர்த்தி, மெல்ல இறக்குங்கள். 10 முறை. பிறகு மேடையோரமாகவே பக்கவாட்டில் ஐந்தாறு அடி வைத்துத் திரும்பி வாருங்கள். இடுப்பின் பக்கத் தசைகள் இதில் வலுப்படும்.

4. தடுமாற்றத்தைக் குறைக்க

கோயிலில் அடிப்பிரதட்சணம் செய்திருப்பீர்கள். ஒரு பாதத்தின் விரல்களை ஒட்டி அடுத்த பாதத்தின் குதிகாலை வைக்கும் அதே நடைதான் பிசியோதெரபிஸ்ட்டுகள் சொல்லித்தரும் சமநிலைப் பயிற்சியும். முதலில் சுவரைத் தொட்டபடி, அந்த நிலையிலேயே 10 வினாடி நின்று பழகுங்கள். பிறகு பத்து அடி நடக்கலாம்.

நியூசிலாந்தில் ஒடாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 80 வயதும் அதற்கு மேலும் ஆன 233 பெண்களை வைத்து நடத்திய ஆய்வு 1997-இல் வெளியானது. ஒரு பாதிப் பேருக்கு வீட்டிலேயே செய்யும் கால்பலப் பயிற்சியும் சமநிலைப் பயிற்சியும் கற்றுத் தரப்பட்டன. ஓராண்டில் பயிற்சி செய்தவர்கள் மொத்தம் 88 முறை விழுந்தார்கள்; மற்றவர்கள் 152 முறை. எண்பதிலும் தொடங்கலாம் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

5. நடை

பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது: அதுதான் சரியான வேகம். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உழைப்பு வேண்டும். வாரம் மூன்று நாளாவது பலமும் சமநிலையும் சேர்ந்த பயிற்சி வேண்டும். ஒரே மூச்சில் நடக்க வேண்டியதில்லை. காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று பிரித்துக்கொள்ளலாம். தேய்ந்த ரப்பர் செருப்பையும் காலில் சிக்கும் நைட்டியையும் தவிர்த்துவிடுங்கள். சுகருக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் கிளம்பாமல், கையில் மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள்.

இருமினால், தும்மினால் சிறுநீர் கசிகிறது என்பதாலேயே வெளியே நடக்கத் தயங்கும் பெண்கள் பலர். வெளியே சொல்லவும் மாட்டார்கள். சிறுநீரை அடக்கும்போது இறுக்கும் தசையை 5 வினாடி இறுக்கி, 5 வினாடி தளர்த்துங்கள். ஒரு வேளைக்கு 10 முறை, நாளுக்கு மூன்று வேளை. சில வாரங்கள் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். குறையவில்லை என்றால் மகளிர் மருத்துவரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

6. எப்போது நிறுத்த வேண்டும்?

முதல் சில நாட்கள் தசையில் லேசான வலி இருக்கும். ஓரிரு நாளில் போய்விடும். நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், மயக்கம் வந்தால் உடனே நிறுத்தி மருத்துவ உதவி தேடுங்கள். மூட்டு வீங்கினாலும் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். எலும்புத் தேய்மானம் என்று சொல்லப்பட்டவர்கள், முதுகை வளைத்துக் கால்விரலைத் தொடும் பயிற்சியைச் செய்யக் கூடாது. முதுகெலும்பு நொறுங்கும் ஆபத்து உண்டு.

7. மீண்டும் எண்ணுங்கள்

இரண்டு மாதம் கழித்து அதே நாற்காலியில் அதே 30 வினாடிச் சோதனையைச் செய்யுங்கள். ஒன்றிரண்டு கூடியிருந்தாலே பயிற்சி வேலை செய்கிறது. கூடாவிட்டால் பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் காட்டி முறையைத் திருத்திக்கொள்ளுங்கள்.

கடைசியாக, வீட்டில் உள்ளவர்களுக்கு. “நீ உட்காரும்மா, நான் எடுத்துத் தரேன்” என்பது அன்புதான். ஆனால் ஒவ்வொரு முறையும் அப்படிச் செய்தால், அவர் எழுந்திருக்கும் வாய்ப்பு ஒன்று குறைகிறது. தண்ணீர்ச் சொம்பை அவரே எழுந்து எடுக்கட்டும். நீங்கள் வழியில் கிடக்கும் மிதியடியை எடுத்து ஓரமாகப் போடுங்கள்.