விரல் சீராக விழட்டும்

மருமகனே, மிடி கீபோர்டு வாங்கிக் கம்ப்யூட்டரில் மாட்டிவிட்டாய். பதிந்ததைத் திரும்பக் கேட்டால் ஒரு சுரம் கத்துகிறது, அடுத்தது முனகுகிறது என்று வருத்தப்படுகிறாய். ராதாபுரம் வட்டாரத்தில் கோயில் கொடைக்கும் ஆலயப் பாடகர் குழுவுக்கும் வாசிக்க வந்த பிள்ளைகள் பலர் இதே இடத்தில்தான் தடுமாறினார்கள். அவர்களுக்குச் சொன்னதையே உனக்கும் சொல்கிறேன்.

1. கருவி எதை அளக்கிறது என்று முதலில் தெரிந்துகொள். அது உன் பலத்தை அளப்பதில்லை. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் இரண்டு தொடுமுனைகள் உண்டு. கட்டை இறங்கும்போது ஒன்று முந்தித் தொடும், மற்றது பிந்தித் தொடும். அந்த இடைவெளி குறையக் குறைய ஒலி பெரிதாகும். அதை 1 முதல் 127 வரை ஓர் எண்ணாக்கி அனுப்புகிறது. அதற்குத்தான் வெலாசிட்டி என்று பெயர். ஆகவே தோளை முறுக்கிக்கொண்டு உட்காராதே. திடமான வாலிபன் தடுமாறிய பாட்டை, ஒல்லிக் கைச் சிறுமி ஒருத்தி சீராக வாசித்ததைப் பார்த்திருக்கிறேன். அவள் விரல் எதற்கும் அவசரப்படவில்லை. பதறாத காரியம் சிதறாது.

2. குறை யாருடையது என்று விசாரித்துவிட்டுத் தீர்ப்புச் சொல். ஒரே கட்டையை ஐந்து விரலாலும் தட்டி, திரையில் வரும் எண்களைப் பார். எந்த விரல் தொட்டாலும் அந்தக் கட்டை மட்டும் 127 என்று அலறினால் குறை கருவியில். எந்தக் கட்டைக்குப் போனாலும் மோதிர விரலில் மட்டும் எண் சரிந்தால் குறை விரலில். விசாரிக்காமல் நல்ல கருவியை விற்றவனும் உண்டு; விசாரிக்காமல் ‘எனக்குக் கை வராது’ என்று வாசிப்பையே விட்டவனும் உண்டு. முதலாமவனுக்குப் போனது பணம். இரண்டாமவனை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

3. கருவியைப் பேணு. ஆனி, ஆடியில் நம் பக்கம் அடிக்கிற காற்று தேரி மணலை எங்கும் கொண்டுவந்து சேர்க்கும். கட்டைக்கு அடியில் இருக்கும் ரப்பர் பட்டையின் கரிப்பொட்டில் தூசி படிந்தால் ஒரு சுரம் ஊமையாகும், அல்லது திடீரென்று வெடிக்கும். பழைய மெல்லிசைக் குழு அண்ணாச்சி ஒருவர், கச்சேரி முடிந்து எவ்வளவு பசித்தாலும் கீபோர்டைத் துடைத்து மூடிவிட்டுத்தான் இலையில் உட்காருவார். நீயும் அப்படியே இரு. தூசி உள்ளே போய்விட்டால் கழற்றத் தெரிந்தவரிடம் கொடு. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். சுரண்டினால் கரி போய்விடும்.

4. ஆர்மோனியத்தில் பழகிய கை என்றால் இன்னும் பொறுமையாக இரு. ஆர்மோனியத்தில் ஒலியை ஏற்றுவதும் இறக்குவதும் துருத்தி பிடிக்கும் கை. கட்டையை எப்படித் தட்டினாலும் ஒன்றுதான். இங்கே அந்த வேலை ஒவ்வொரு விரலுக்கும் வந்து சேர்கிறது. அண்ணன் பாவலரோடு ஆர்மோனியம் வாசித்து ஊர் ஊராகப் போன இளையராஜாவே சென்னைக்கு வந்தபின் தன்ராஜ் மாஸ்டரிடம் மாணவராக உட்கார்ந்து பியானோ படித்தார். தெரிந்தவன் மறுபடி கற்க உட்காருவதில் குறைச்சல் ஏதுமில்லை.

5. சரளி வரிசையைக் கீபோர்டில் வாசி. ஒரு கட்டை சுருதியில் மாயாமாளவகௌளையை வைத்தால் ரிஷபமும் தைவதமும் கருப்புக் கட்டையில் விழும். கட்டையின் நுனியில் அழுத்துவது எளிது; உள்ளே போகப் போகக் கனக்கும். வெள்ளையின் நுனியிலிருந்து கருப்புக்கு ஏறும்போதுதான் எண் குலையும். அந்த இடத்தில் நின்று பழகு. முதல் காலத்தில் சீர்படாதது மூன்றாம் காலத்தில் ஒருநாளும் சீர்படாது. வேகம் காட்டத் துடித்த பிள்ளைகளை நான் முதல் காலத்திலேயே நிறுத்தி வைப்பேன். அன்று முகம் சுளித்தவர்கள்தான் இன்று தங்கள் மாணவர்களையும் அப்படி நிறுத்தி வைக்கிறார்கள்.

6. மென்மையாக வாசிக்கத் துணிவு கொள். நூறில் நிற்பதைவிட நாற்பதில் நிற்பது கடினம். உரத்த வாசிப்பில் ஒளிந்துகொள்ளும் குறைகள் எல்லாம் மெல்லிய வாசிப்பில் வெளியே வரும். தாலாட்டு ஒன்றை எடுத்து, ஒரு சுரமும் துள்ளாமல், ஒரு சுரமும் சாகாமல் வாசித்துப் பார். உன் கையைப் பற்றிய உண்மை தெரிந்துவிடும்.

7. மேடையில் உன் காதுக்கு ஒரு வழி செய்துகொள். கொடை மேடையில் ஸ்பீக்கர் எல்லாம் சனத்தைப் பார்த்துத் திரும்பியிருக்கும். பக்கத்தில் ரிதம் பேட் அதிரும். தன் ஒலி தனக்குக் கேட்காதவன் கட்டையைக் குத்தத் தொடங்குவான். விடிவதற்குள் விரல் வீங்கிப்போன பிள்ளையை எனக்குத் தெரியும். மைக்செட்காரரிடம் முன்கூட்டியே பணிவாகக் கேட்டு உன் பக்கம் திரும்பிய ஒரு மானிட்டர் ஸ்பீக்கர் வாங்கிக்கொள். ஸ்டாண்டு ஆடாமல் இருக்கிறதா, முழங்கை கட்டையின் மட்டத்தில் நிற்கிறதா என்றும் பார். கேட்டு வாங்குவதில் வெட்கப்படாதே.

8. எந்த வேகத்துக்கு எந்த எண் என்று தீர்மானிக்கும் டச் அமைப்பை ஒருமுறை நிதானமாகத் தேர்ந்தெடு. பிறகு அதோடு குடியிரு. நீ இயல்பாக வாசிக்கும்போது எண் 64-ஐ ஒட்டி வருகிற மாதிரி வைத்துக்கொண்டால் மேலே ஏறவும் கீழே இறங்கவும் இடம் இருக்கும். 1983 சனவரியில், அமெரிக்காவில் நடந்த கண்காட்சியில் ஒரு புரொஃபெட்-600 கீபோர்டையும் ரோலண்டு ஜூபிடர்-6 கீபோர்டையும் மிடி கம்பியால் இணைத்துக் காட்டினார்கள். அந்த இரண்டிலும் விரலின் வேகத்தை அறியும் கட்டைகளே கிடையாது. இருந்தும் வருங்காலத்து விரல்களுக்காக 127 படிகளை அந்த ஏற்பாட்டில் ஒதுக்கி வைத்தார்கள். அத்தனை படியும் உன்னுடையது. வாரம் ஓர் அமைப்பு மாற்றினால் கை எந்தப் படியையும் கற்காது.

9. குறுக்குவழியை நம்பி வளராதே. ஃபிக்ஸட் என்று அமைத்தால் எல்லாச் சுரமும் ஒரே எண்ணில் போகும். பதிந்தபின் மவுஸால் எல்லாவற்றையும் மட்டமாக இழுத்துவிடவும் முடியும். அவசர வேலைக்கு அது உதவும். கற்கும் காலத்தில் அது உன் காதை மழுங்க வைக்கும். திருத்துவதற்கு முன், அதே வரியை இன்னும் ஒருமுறை வாசி. வாசித்துச் சரிசெய்தது கையில் தங்கும்.

10. கடைசியாக ஒன்று. சீர் என்றால் எல்லா எண்ணும் ஒன்றாக இருப்பது என்று நினைத்துவிடாதே. வில்லுப்பாட்டில் வீசுகோல் பிடிப்பவரைக் கவனி. கதை நடக்கும்போது அடி ஒரே அளவில் விழும். சாமி வரும் கட்டத்தில் அவர் நினைத்தபடி ஏறும். நினைத்து உரத்தால் அது உணர்வு; நினையாமல் உரத்தால் அது பிழை. அந்த அதிகாரம் உன் விரலுக்கு வரத்தான் இத்தனை பாடும். நாளைக் காலை ஒரு தாளில் ஐந்து விரலுக்கும் ஐந்து எண் எழுதித் தேதி போட்டு வை. மாதம் ஒருமுறை அதன் கீழேயே எழுதிக்கொண்டு வா. வித்தியாசம் குறைந்துவருவதை நீயே பார்ப்பாய். அதற்குமேல் நான் சொல்ல ஒன்றும் இருக்காது.